தையல் டீச்சரின் பொறியியல் வகுப்பு

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆண்டின் முதல் வாரத்தில் ஒரு மஞ்சள் தாள் கொடுப்போம். கட்டாயப் பாடங்கள் போக, விருப்பப் பாடம் ஒன்றை அவர்களே அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். இசை, ஓவியம், தையல், தோட்டக்கலை, கணக்கியல், தொழில்நுட்பமும் பொறியியலும் என்று ஆறு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் டிக் அடித்து, வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். அந்த ஆண்டு தையல் கட்டத்தில் டிக் அடித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி, அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, பத்தே நாளில் பள்ளியை விட்டுப் போய்விட்டாள்.

மிச்சமிருந்த ஒருத்திக்காக வகுப்பு நடத்த முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவளைத் தோட்டக்கலைக்கு அனுப்பினார்கள். தையல் டீச்சரை எங்கே அனுப்புவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது ஆண்டுகளாக எங்களுடன் இருப்பவர். மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கியிருந்த நீள அறைதான் அவருடைய ராஜ்ஜியம். எட்டு மெஷின்கள், ஒரு வெட்டு மேசை, தலையும் கையும் இல்லாத ஒரு துணிப் பொம்மை. பள்ளி நாடகத்துக்கு உடுப்பு வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். மைதானத்தில் விழுந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்ட பையன்கள் இடுப்பில் துண்டோடு அந்த அறை வாசலில் நிற்பார்கள். நான் பூகோளம் எடுக்கிறவன். என்னுடைய உலக வரைபடம் ஒருமுறை நடுக்கடலில் இரண்டாகக் கிழிந்தபோது அதைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். தைத்த இடம் எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதே வாரத்தில்தான், பொறியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் போனார். ஒரு பக்கம் பிள்ளைகள் இல்லாத டீச்சர், இன்னொரு பக்கம் ஆசிரியர் இல்லாத பதினோரு பிள்ளைகள். தலைமையாசிரியை இரண்டையும் கூட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு மாசம், டீச்சர். புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கங்க. பாடம்கூட எடுக்க வேண்டாம். அந்தச் சூட்டுக்கோலை வச்சு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்காம இருந்தா அதுவே போதும்."

சூட்டுக்கோல் என்று அவர் சொன்னது, ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டவைக்கும் சால்டரிங் கம்பியை. அந்தப் பெயர்கூட அப்போது தையல் டீச்சருக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதம் என்று சொன்னது ஓர் ஆண்டு முழுவதும் நீண்டது வேறு கதை.

பொறியியல் அறை என் வகுப்புக்கு அடுத்தது. நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. அங்கே ஊசி விழுந்தால் இங்கே கேட்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு ஸ்பானர் விழுந்தால் என் பிள்ளைகள் துள்ளி எழுவார்கள். முதல் நாள் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு இந்தப் பாடம் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லவும் எனக்கு வராது. இந்தக் கையேட்டை உங்களுக்கு ஒரு நாள் முன்னாடி நான் படிச்சிருப்பேன். அவ்வளவுதான் நமக்குள்ள வித்தியாசம்."

எந்த ஆசிரியரும் தங்களிடம் இப்படிச் சொல்லிக் கேட்டிராத பிள்ளைகள் அவர்கள்.

பதினோரு பேரில் இரண்டு பேரை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவனை எல்லாரும் ஒயர் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் இருந்த ரேடியோ, மிக்ஸி, அலாரம் கடிகாரம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன். அதில் பாதியைத் திரும்ப மாட்டவும் செய்தவன். இன்னொருத்தி தாளம். அவள் இசைக்குத்தான் டிக் அடித்திருந்தாள். அங்கே இடம் நிறைந்துவிட்டதால் இங்கே தள்ளிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், விரல்களால் மேசையில் ஏதோ தட்டிக்கொண்டே இருப்பாள்.

முதல் பகுதி வரைபடம். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைவது. பிறகு, ஒரு புனலைத் தகரத்தில் செய்ய வேண்டுமானால் தட்டையான தகரத்தை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று கண்டுபிடிப்பது. பிள்ளைகள் எல்லாரும் முக்கோணமாக வெட்டினார்கள். சுருட்டிப் பார்த்தால் வாய் கோணிக்கொண்டு நின்றது. டீச்சர் தன் பழைய அறைக்குப் போய், ஒரு குடைப் பாவாடையை எடுத்து வந்து, ஓரத் தையலைப் பிரித்து மேசையில் விரித்தார். அகலமான விசிறி மாதிரி விழுந்தது துணி.

"புனலும் பாவாடையும் ஒரே வெட்டுதான்" என்றார். "ஒண்ணுல இடுப்பு நுழையுது, இன்னொண்ணுல எண்ணெய் நுழையுது."

அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் முதல் சிரிப்பு கேட்டது. டீச்சருக்கும் அன்றைக்குத்தான் கொஞ்சம் தைரியம் வந்தது. அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதைக் கையேட்டில் 'அனுமதிக்கப்பட்ட விலக்கம்' என்று பயமுறுத்திய சமாச்சாரம், தையலுக்காக ஓரத்தில் விடுகிற அரை அங்குலத்தின் பங்காளிதான் என்று கண்டுகொண்டார். உருகிய பிளாஸ்டிக்கை நூல்போல விட்டு அடுக்கடுக்காகப் பொருள் செய்கிற த்ரீ-டி பிரிண்டர் ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்று பழைய ஆசிரியர் ஒதுக்கி வைத்தது. டீச்சர் அதன் நூல்சுருள் எங்கே இறுகுகிறது என்று விரலால் தடவிப் பார்த்துச் சரிசெய்துவிட்டார். முப்பது ஆண்டுகளாக நூல் அறுந்த மெஷின்களோடு மல்லுக்கட்டிய விரல்கள் அவை.

மின்சுற்று பகுதி வந்தபோது அந்தத் தைரியம் எல்லாம் பறந்துவிட்டது. இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டார். ஒயர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார். ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போது, கையில் பேண்டேஜோடு, மின்தடை என்றால் என்னவென்று எனக்கு விளக்கப் பார்ப்பார். எனக்குப் புரியாது. "சார், உங்களுக்குப் புரியலன்னா எனக்கும் இன்னும் புரியலன்னு அர்த்தம்" என்று மறுபடி கையேட்டைத் திறப்பார்.

அவருடைய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் நீண்டதூர லாரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் எப்போதும் இருப்பவர் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. இருபத்தாறு ஆண்டுகள் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை செயலற்றுப் போனது. இடது காலும் கொஞ்சம் இழுக்கும். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பார். மற்ற நேரம் சமையலறை ஜன்னல் பக்கத்து நாற்காலிதான்.

கல்யாணமான நாளிலிருந்தே டீச்சருக்கு நாத்தனார் என்றால் கொஞ்சம் பயம். பாத்திரம் அடுக்குவதிலிருந்து கதவைச் சாத்துவது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திருத்தம் இருக்கும். இப்போது ஒரே வீட்டில் இருந்தாலும் இருவரும் வேலையாகப் பேசிக்கொள்வதோடு சரி. நாத்தனாருக்கு இடுப்பு வரை முடி. பாதி நரைத்தும் அடர்த்தி குறையவில்லை. ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வெட்டிவிடலாம் என்று சொன்னபோது, வாய் குழறியபடியே, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் டீச்சர்தான் அந்த முடியை வாரிக் கட்டிவிடுவார். பத்து நிமிடம். இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சீப்பு பட்டதும் நாத்தனாரின் தோள் விறைத்துக்கொள்ளும்.

கையேட்டின் கடைசிப் பகுதி செயல்திட்டம். பிள்ளைகள் சேர்ந்து ஒரு கருவியை வடிவமைத்துச் செய்து காட்ட வேண்டும். கோடு போட்ட இடத்தில் தானே ஓடும் கார் செய்யலாம் என்றான் ஒயர். செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றும் பெட்டி என்றது இன்னொரு கூட்டம். கையேட்டில் இருந்த மூன்று வரிகளை டீச்சர் படித்துக் காட்டினார். இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? அவரை மூன்று முறையாவது நேரில் சந்தித்தீர்களா? அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுக. பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரில் போகப் போவது யார் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை.

எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் டீச்சருக்கு மனதில் நிற்கும். அன்று மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"இதுக்கு எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? ஒரு கை வேலை செய்யாதவ ஒருத்தி இங்க சும்மாதான உக்காந்திருக்கேன். கூட்டிட்டுப் போ."

டீச்சர் தயங்கினார். "பிள்ளைங்க எதையாவது கேட்டு வைப்பாங்க, அண்ணி."

"கேக்கட்டும். நான் பாக்காத பள்ளிக்கூடப் பிள்ளைங்களா?"

ஆட்டோ பிடிக்கலாம் என்று டீச்சர் சொன்னதை நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில்தான் போனார்கள். நோய் வந்தபின் அவர் பஸ் ஏறுவது அதுதான் முதல் தடவை. மூன்று படி ஏற மூன்று நிமிடம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. கண்டக்டர் ஒரு இளம்பெண். நாத்தனார் உட்கார்ந்து, கோலை மடியில் வைத்து, தலையசைத்த பிறகுதான் அவள் விசில் ஊதினாள். அந்தப் பயணம் முழுக்க நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை என்றும், அந்தப் பெண் டிக்கெட் கொடுப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார் என்றும் டீச்சர் சொன்னார்.

முதல் சந்திப்பில் பிள்ளைகள் மரியாதையாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதுவெல்லாம் கஷ்டம் என்று கேட்டார்கள். நாத்தனார் வேடிக்கையாகவே பதில் சொன்னார். பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, பல்லால் திறந்தால் பல் போய்விடும், அப்புறம் பல்லுக்கும் ஒரு மெஷின் செய்ய வேண்டிவரும் என்றார். பழம் நறுக்கும்போது அது உருண்டு ஓடுகிறது, பழத்துக்கே தன்னைக் கண்டால் இளக்காரம் என்றார். பிள்ளைகள் பாட்டிலைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கட்டையும், பழத்தைக் குத்தி நிறுத்தும் ஆணிப்பலகையும் செய்து கொடுத்தார்கள். நாத்தனார் பாராட்டினார். வீட்டில் இரண்டு நாள் பயன்படுத்தினார். மூன்றாம் நாள் அவை அலமாரிக்குப் போய்விட்டன.

இரண்டாம் சந்திப்பில்தான், அதுவரை வாயே திறக்காத தாளம் கையைத் தூக்கினாள்.

"காலைல எழுந்ததும் எதை நெனச்சு முதல்ல எரிச்சல் வரும் உங்களுக்கு?"

நாத்தனார் டீச்சர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தலைமுடி. தினமும் இவதான் கட்டிவிடுறா. கை நல்ல கை. ஒரு முடி வலிக்காது. ஆனா இவ வந்து கட்டுற வரைக்கும் நான் விரிச்ச தலையோட உக்காந்திருக்கணும். யாராவது கதவைத் தட்டுனாக்கூட திறக்க மாட்டேன். அவ அடுப்புக்கும் குளியலுக்கும் ஓடிட்டே இருப்பா. அந்த ஓட்டத்துல என் தலைக்காகவும் பத்து நிமிஷம் அவளை நிக்க வைக்கிறேன். அவ கை பட்டதும் எனக்கு உடம்பே கூசிப் போகும், இப்படி நிக்க வைக்கிறோமேன்னு."

யாரும் எழுதவில்லை. பிறகு தாளம் மட்டும் குனிந்து, அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினாள். டீச்சர் அலமாரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தாராம். அன்று சாயங்காலம் ஓய்வறையில் என்னிடம் சொன்னார்.

"சார், ரெண்டு வருஷமா அவங்க தோள் விறைக்கறதப் பாத்து, என் கை படறதே அவங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன். நானும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிச்சுட்டு ஓடுவேன்."

தேநீர் ஆறிப் போகும்வரை கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

ஒரே கையால் முடியை வளையத்துக்குள் விட்டுக் கட்டுவது என்பது சொல்வதற்குச் சுலபம். நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள். சோதனைக்காக டீச்சர் தன் துணிப் பொம்மைக்கு ஒரு தலை தைத்து, கறுப்புக் கம்பளி நூலால் இடுப்பு வரை முடி வைத்தார். பிள்ளைகள் அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டார்கள். மீசை ஏன் என்று கேட்டதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

முதல் வடிவம் ஒயருடையது. ஒரு சின்ன மோட்டார் ரப்பர் வளையத்தை முடியைச் சுற்றி முறுக்கும். மூன்று வாரம் உழைத்தார்கள். சுவிட்சைப் போட்ட அன்று மோட்டார் வளையத்தை விட்டுவிட்டு முடியைச் சுற்றிக்கொண்டது. கம்பளி இறுகி, பொம்மையின் தலை கழன்று, கதவு வழியே உருண்டு, வராந்தாவைத் தாண்டி என் வகுப்பு வாசலில் வந்து நின்றது. நான் அப்போது எரிமலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

ஒயர் அன்று சாப்பிடவில்லை. நாத்தனார் தலையில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அவனை விடவில்லை. டீச்சர் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மறுபடி தைக்கும்போது நூலைப் பிடிக்கச் சொன்னார். தைத்து முடிந்தபோது அவனே சொன்னான், மோட்டார் வேண்டாம் என்று.

பிறகு வந்ததுதான் புனல். அகல வாயும் குறுகிய வாலும் உள்ள ஒரு புனலைப் பிரிண்டரில் செய்து, உட்கார்ந்தால் தலை வரும் உயரத்துக்கு, அகல வாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி வகுப்புச் சுவரில் மாட்டினார்கள். புனலின் வெளிப்புறத்தில் முடிவளையத்தை விரித்துப் போட்டு வைக்க வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் முடியைத் திரட்டிப் புனலுக்குள் விட்டு, காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால், சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று, புனலைச் சுற்றி வளையத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டை முன்னே இழுக்கும். தட்டு வளையத்தைப் புனலிலிருந்து நழுவவிடும். வளையம் தானாகச் சுருங்கி முடியைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம்.

கடையில் வாங்கிய வளையம் முடியைக் கடித்தது. அங்கேதான் டீச்சர் தன் பழைய அறையைத் திறந்தார். ஒன்பது வகை எலாஸ்டிக்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது, விட்டால் எவ்வளவு திரும்புகிறது என்று பிள்ளைகளை அளக்கச் சொன்னார். ஆறாவது வகை சரியாக இருந்தது. அதற்கு மழமழப்பான துணியில் உறை தைத்தார். நான் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். அளவுகளும் வரைபடமும் பக்கத்தில் ஒட்டிய துணித் துண்டுமாக, பரீட்சை வைத்தால் பொறியாளர்களும் பார்த்து எழுதலாம் போல இருக்கும்.

பொம்மையின் முடியில் அது வேலை செய்தது. உண்மையான முடியில் பார்க்க வேண்டும் என்றதும் தாளம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்து முறையில் நான்கு முறைதான் வளையம் நேராக விழுந்தது. மற்ற நேரம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு நின்றது. எல்லாரும் புனலைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், மிதியைப் பார்த்தார்கள். ஸ்டூலில் இருந்தவளால் மட்டும் எதையும் பார்க்க முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், சரியா விழுறப்ப ஒரு தட்டு கேக்குது. தப்பா விழுறப்ப ரெண்டு தட்டு கேக்குது" என்றாள். மேசையில் தட்டியும் காட்டினாள். முதலில் ஒற்றையாக, பிறகு ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி இரண்டு. "மேல் பக்கம் முதல்ல விழுது. கீழ் பக்கம் கொஞ்சம் பின்தங்குது."

அவள் சொன்னது சரி. கம்பி தட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இழுத்ததால் தட்டு சாய்ந்தது. ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் ஒரே நீளத்தில் கட்டினான் ஒயர். தாளம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது முறையும் ஒரே தட்டு. அன்றைக்கு இந்தப் பக்கம் என் வகுப்பில் இருந்தவர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை.

மூன்றாம் சந்திப்பில் ஒரு சின்ன விவாதம் வந்தது. மின்சுற்று ஏதாவது இருந்தால் செயல்திட்டத்துக்குப் பத்து மதிப்பெண் தனியாக உண்டு. வளையம் விழுந்ததும் எரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

"விளக்கு எதுக்கு?" என்றார் நாத்தனார். "என் தலையில என்ன விமானமா எறங்கப் போகுது?"

விளக்கு வேண்டாம் என்று பதினோரு பேரும் கைதூக்கி முடிவு செய்தார்கள்.

வகுப்பில் இருந்ததைப் போலவே வீட்டுக்கும் ஒன்று செய்தார்கள். டீச்சரின் கணவர் வீட்டுக்கு வந்த நாளில் அதை நாத்தனாரின் அறைச் சுவரில் மாட்டினார். அதிகம் பேசாத மனிதர் அவர். துளை போடும் முன் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, பென்சிலால் சுவரில் குறித்து, இன்னும் ஒரு விரல் கீழேயா மேலேயா என்று நான்கு முறை கேட்டாராம்.

அதற்குப் பிறகு நான்கு நாள் நாத்தனார் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். உள்ளேயிருந்து மிதியின் சத்தம் கேட்கும். அப்புறம் ஏதோ கீழே விழும். அப்புறம் கண்டக்டர்கள் மட்டுமே பேசக்கூடிய சில வார்த்தைகள் கேட்கும். வழக்கம்போலக் காலையில் டீச்சர்தான் கட்டிவிட்டார். ஆனால் அந்த நான்கு நாளும் அவர் அவசரப்படவில்லை. சீப்பை மெதுவாக இழுத்தார். மூன்றாம் நாள் தோள் விறைக்கவில்லை என்று கவனித்தார்.

ஐந்தாம் நாள் காலை டீச்சர் சமையலறைக்கு வந்தபோது நாத்தனார் நாற்காலியில் இல்லை. அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். முடி கட்டியிருந்தது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு மூன்று இழைகள் வெளியே பறந்தபடி, ஆனால் கட்டியிருந்தது. மேசையில் இரண்டு கோப்பையில் தேநீர் இருந்தது. ஒன்றிலிருந்து தட்டில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

"உக்காரு" என்றார் நாத்தனார். "இன்னைக்கு உனக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

டீச்சர் உட்கார்ந்தார். சந்தோஷம்தான், ஆனால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றார். காலையில் அந்த நேரத்தில் கைகள் சும்மா இருந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நாத்தனார் அதைக் கவனித்திருக்க வேண்டும். தன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் நீ பின்னி விடு. இந்த மெஷினுக்குப் பின்னல் வராது."

"சரி, அண்ணி."

"மெதுவா வாரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

செயல்திட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நாத்தனார் பஸ்ஸில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் தலையை அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். தேர்வாளர் மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். மிதியைத் தானே குனிந்து கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு, இதில் மின்சுற்று எங்கே என்று கேட்டார். தேவைப்படவில்லை என்றான் ஒயர். முதலில் ஒரு மோட்டார் இருந்ததையும், அது பொம்மையின் தலையை என்ன செய்தது என்பதையும், வரைபடத்தோடு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தேர்வாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பத்து மதிப்பெண்ணைக் குறைத்தார். விதி விதிதான்.

பள்ளிக்கு அது பெரிய பரிசு ஒன்றும் வாங்கித் தரவில்லை. ஆனால் நாத்தனாருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் அதைப் பார்த்துவிட்டு, தன் வார்டுக்கும் வேண்டும் என்று கேட்டார். விடுமுறையில் பிள்ளைகள் வந்து இன்னும் நான்கு செய்தார்கள். நான்குக்கும் எலாஸ்டிக் உறை தைத்தது டீச்சர்.

அடுத்த ஆண்டு ஒருவழியாகப் புது ஆசிரியை வந்தார். பொறியியல் படித்த இளம்பெண். தலைமையாசிரியை தையல் டீச்சரைக் கூப்பிட்டு, ஒரு மாதம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, இனி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று விசாரித்தார். டீச்சர் யோசிக்க நேரம் கேட்டார். அதற்குள் புது ஆசிரியை அந்த நோட்டைப் படித்துவிட்டிருந்தார். மின்சுற்றை நான் எடுக்கிறேன், வரைபடமும் செயல்திட்டமும் இவர்தான் எடுக்க வேண்டும், எனக்கு அது இப்படி வராது என்று அவரே போய்ச் சொல்லிவிட்டார். ஒரே அறையில் இரண்டு மேசை போட்டார்கள். மின்சுற்று வகுப்பில் இன்றைக்கும் தையல் டீச்சர் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்.

அதே வாரத்தில் இசைப் பிரிவில் ஓர் இடம் காலியானது. தாளம் மாற்றல் தாளோடு வந்தாள். டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் தாளை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஏன் நிக்கற? நீ முதல்ல கேட்ட இடம் அதுதானே" என்றார் டீச்சர்.

"ரெண்டு வகுப்பும் ஒரே நேரத்துல வருது, டீச்சர்."

டீச்சர் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நிறுத்தி, நிதானமாக, முழுப்பெயரும் எழுதினார். மை காயும்வரை ஊதி, அவளிடம் கொடுத்தார்.

"நல்லா பாடு. சனிக்கிழமை ஆஸ்பத்திரில நாலையும் மாட்டப் போறோம். அதுக்கு மட்டும் வா. சத்தம் கேட்டுச் சொல்ல ஆள் வேணும்."

அவள் வந்தாள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பெண்கள் வார்டில் கட்டிலில் இருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நாத்தனார் கோலை ஊன்றி நின்று, எந்த உயரம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வந்தார். சுவரில் துளை போட்டது தாளம். முதல் துளை கொஞ்சம் கோணியது, இரண்டாவது நேராக வந்தது. அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடாமல் இருக்க, டீச்சர் கீழே மண்டியிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.